பொழிச்சலூரில் ஒரு கணப்பு அடுப்பு

1

டிசம்பர் பிறந்தால் போதும், பொழிச்சலூரிலிருந்து கிறிஸ்துமஸ் கார்டு வந்துவிடும். அனுப்புகிறவர் என் அக்காவின் கணவர் செல்லதுரை அத்தான். வருஷா வருஷம் படமும் ஒன்றேதான். கூரையெல்லாம் பனி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், உள்ளே கணப்பு அடுப்பில் கட்டைகள் எரிகின்றன, மேலே சிவப்புக் காலுறைகள் தொங்குகின்றன.

கனடாவில் பனியை வாரி வாரி இடுப்பு ஒடிந்து கிடப்பவனுக்குப் பனிப் படம் அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது தாம்பரம் சந்தையின் படம். தெருவோர வாழைப்பழக் கடை இரண்டு இருந்தாலும் போதும். அதை எவனும் அச்சடிப்பதில்லை. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் டிசம்பரில் மழை கொட்டும், கொசு பிடுங்கும், சட்டை முதுகில் ஒட்டும். அப்படியும் கிறிஸ்துமஸ் மரத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டுவார்கள். கேட்டால் ஸ்நோவாம்.

நானும் சின்ன வயதில் பஞ்சு ஒட்டியவன்தான். ஆனால் பஞ்சோடு நிறுத்திக்கொண்டோம். அத்தான் நிறுத்தவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். சொந்தக்காரர்கள் படித்தால் படிக்கட்டும்.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "அங்கெல்லாம் பட்டனைத் தட்டினா வீடு சூடாயிடுமாமே?"

பெரிய ஊர்களில் ஆகும். எனக்கு வேலை கிடைத்தது கிழக்குக் கரையில் ஒரு சிற்றூரில், மீன் பதப்படுத்தும் ஆலையில். நான் ஃபிட்டர். எண்பதுகளின் நடுவில் போனேன். எங்களுக்குக் கட்டுப்படியான வீடு ஒரு பழைய மரவீடு. பலமாகக் காற்று அடித்தால் கரண்டு போய்விடும், பட்டனும் செத்துவிடும். அதனால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் விறகு அடுப்பு. தரை மரம், சுவர் மரம், கூரை மரம். விறகால் கட்டிய வீட்டுக்குள் விறகை எரிக்கச் சொன்னார்கள்.

என் மனைவி மெர்சி அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குரோம்பேட்டையில எங்க வீட்ல கேஸ் அடுப்புங்க. அதை விட்டுட்டு இதுக்கா பிளேன் ஏறி வந்தேன்?" என்றாள்.

முதல் விறகே தப்பு. மேற்குத் தாம்பரத்தில் விறகைத் தராசில் போட்டு நிறுத்துக் கொடுப்பார்கள். கனமாக இருந்தால் வைரம் பாய்ந்த கட்டை, நின்று எரியும். லேசாக இருந்தால் சொத்தை. பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த ஊர் விறகுக்காரன் முற்றத்தில் மூன்று குவியல் வைத்திருந்தான். நான் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமான குவியலைக் காட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் லாரியில் ஏற்றினான்.

அது அந்த மாதம் வெட்டிய பச்சை மரம். கனம் முழுக்கத் தண்ணீர். அடுப்பில் வைத்தால் இரண்டு முனையிலும் நுரை தள்ளியது, புஸ் புஸ் என்று சீறியது, வீடெல்லாம் புகை, சூடு மட்டும் இல்லை. போய்ச் சத்தம் போட்டேன். "நீயேதானே தூக்கிப் பார்த்து எடுத்தாய்" என்று சிரித்தான். தெரியாதவன் தப்பான குவியலைக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் அவன். இன்றைக்கும் அவனிடம் நான் விறகு வாங்குவதில்லை.

அப்புறம் அடிபட்டுத்தான் கற்றேன். அங்கே விறகை நிறுப்பதில்லை, அடுக்கி அளக்கிறார்கள். இந்தக் குளிருக்கு எரிக்க வேண்டியதைப் போன வசந்தத்திலேயே பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்த கட்டை கையில் லேசாக இருக்கும், முனையில் வெடித்திருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும். புகைபோக்கியின் மூடியைத் திறந்தபின்தான் தீக்குச்சியைத் தொட வேண்டும். புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால் புகை மேலே ஏறாது, முகத்துக்குத் திரும்பும். அதனால் முதலில் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி மேலே காட்டி அதைச் சூடாக்க வேண்டும். அப்புறம் சிராய், அப்புறம் சுள்ளி, கடைசியில்தான் கட்டை. சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைக்க வேண்டும். உள்ளே தார் போலப் படியும் கரியை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் புகைபோக்கியே பற்றிக்கொள்ளும்.

இதற்கு நடுவில் இன்ஷூரன்ஸ் ஆள் ஒருவன் டேப்போடு வந்தான். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே அளந்தான், கீழே கல் பாவியிருப்பதை அளந்தான், கூரை மேல் ஏறிப் புகைபோக்கியின் உயரத்தை அளந்தான். ஒரு சாண் குறைகிறது, அடுப்பை நகர்த்து என்றான். நகர்த்தினால் குழாய் எட்டவில்லை. குழாயை மாற்றினால் வேறு அனுமதி, வேறு ஆபீஸ், வேறு ஆள். அதுவரை எரிக்கக் கூடாதாம். வெளியே உறைபனி. தமிழில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை, "தேங்க் யூ" என்றான்.

ஒரு வழியாக எல்லாம் முடிந்து அடுப்பு எரிந்த அன்றைக்கு மெர்சி ஒரு போட்டோ எடுத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தீ, முன்னால் நானும் குழந்தை அனிதாவும், கம்பளிச் சட்டை, கையில் கோப்பை. அந்த ஓர் அறையைத் தவிர வீட்டில் வேறெங்கும் நிற்க முடியாது, சமையலறைக் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது, மூன்று பேரும் ஒரே மெத்தையில் படுத்தோம். போட்டோவில் அதெல்லாம் தெரியாது. தாம்பரத்துக்கு ஒரு பிரதி போனது. அத்தான் அதை ஃப்ரேம் போட்டு மாட்டினார்.

3

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

எங்கள் அம்மா போனபோது கிரேஸ் அக்கா ஒன்பதாம் வகுப்பு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், அடுப்பு மூட்டத் தெரியாது. அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்த அக்கா, கல்யாணமாகிப் போன வீட்டிலும் இன்னொரு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகைப் போர்ஷனின் சமையலறைக்கு ஒரே ஒரு வெண்டிலேட்டர், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. விடியற்காலையில் ஊதுகுழலோடு குனிவாள். மழைக்காலச் சவுக்குக் கட்டை லேசில் பிடிக்காது. ஊதுவாள், இருமுவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவாள். நாங்கள் முன் அறையில் உட்கார்ந்து "அக்கா, காபி" என்போம்.

கேஸ் கனெக்‌ஷனுக்குப் பதிந்துவைத்து வருஷக்கணக்கில் காத்திருந்தாள். ஏஜென்சிக்குப் போனால் "வரும்மா, வரும்" என்பார்கள். சிபாரிசு உள்ளவர்களுக்கு வந்தது. நான் கனடா போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்கு சிலிண்டர் வந்தது. அதற்குள் நெஞ்சு போய்விட்டது. மாடிப்படி ஏறினால் விசில் சத்தம். டிபியோ என்று பயந்து படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "டிபி இல்லம்மா. நீங்க பீடி பிடிப்பீங்களா?" என்று கேட்டாராம். அக்கா இதைச் சிரிப்பாகத்தான் சொல்வாள்.

ஊரில் விறகை விட்டுக் கேஸுக்கு வர அவள் அத்தனை பாடுபட்டாள். அவள் புருஷனுக்கு என் போட்டோவைப் பார்த்ததும் விறகு மேல் ஆசை வந்துவிட்டது.

4

தொண்ணூறுகளில் அத்தான் பொழிச்சலூரில் மனை வாங்கி வீடு கட்டினார். டிசம்பரில் வீட்டுப் பிரதிஷ்டை, எங்கள் ஆட்களின் புதுமனைப் புகுவிழா. நாங்களும் லீவு போட்டு வந்தோம். அனிதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அத்தை கேட்பது புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். இரண்டு நாளில் அத்தையே இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை ஒரு வார்த்தை கூடக் கற்கவில்லை. அந்தக் கதை தனி.

தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் வாசலிலேயே என் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப்போனார். "கண்ணை மூடு மாப்ளே! இப்ப தொற!"

சுவர் மூலையில் கணப்பு அடுப்பு. சுற்றிலும் கறுப்புக் கிரானைட். மேலே பலகை, பலகையில் என் போட்டோ, அதன் கீழே நான்கு சிவப்புக் காலுறை.

"எப்டி? கார்டுல இருக்குற மாதிரியே!"

குனிந்து உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தேன். பகல் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அத்தான், மேல அடைச்சிருக்கு."

"பின்னே? மழை உள்ள கொட்டாதா? உனக்கு ஊரே மறந்துபோச்சு மாப்ளே."

ஜன்னலுக்கு வெளியே பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஏகாம்பரம் கூடச் சேர்ந்துகொண்டார். "சார், மேல தொறந்து வுட்டா மய தண்ணி மட்டுமா வரும்? பெருச்சாளி எறங்கும். திருடன் எறங்குவான். நான்தான் கடப்பாக் கல்லப் போட்டு சிமெண்டு வச்சிட்டேன்."

"கிறிஸ்துமஸ் தாத்தா எப்படிய்யா எறங்குவாரு?" என்றார் அத்தான்.

"அவரு வாசக்கதவால வரட்டும் சார். இன்னா, நம்ம வூட்டுக்கெல்லாம் அப்டித்தானே வர்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இதுல தீ வச்சா புகை மொத்தமும் ஹாலுக்குத்தான் வரும். அக்காவுக்கு ஆகாது" என்றேன்.

"யாருய்யா தீ வைக்கப் போறா? ஷோவுக்குத்தான். பாரு." உள்ளே கட்டைகளுக்கு அடியில் சிவப்பு பல்பு ஒன்று, மேலே சிவப்புக் கண்ணாடித் தாள். சுவிட்சைத் தட்டினார். எரிவது போலத்தான் இருந்தது. இருக்கட்டும், பல்பு யாரையும் கொல்லாது என்று விட்டேன்.

சமையலறைக்குப் போனேன். அக்கா கேஸ் அடுப்பு முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டிலும் ஒரு வெண்டிலேட்டர்தான்.

"என்னக்கா, ஜன்னல் வைக்கலையா?"

"பிளான்ல இருந்துச்சு. அந்த இடத்துல சிம்னி வருதுடின்னுட்டார்." இருமினாள். "நீதானேடா போட்டோ அனுப்புனே?"

5

பிரதிஷ்டை சாயங்காலம். நல்ல மழை. சபையார் எல்லோரும் வந்துவிட்டார்கள். சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள், கதவையும் சாத்தினார்கள். பாட்டு முடிந்தது. பாஸ்டர் எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

மெழுகுவத்தி ஏற்றினார்கள். அத்தான் சுவிட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லலாம். இத்தனை சொல்லியும் ஒரு மனுஷன் செய்வான் என்று எவன் நினைப்பான்?

பாஸ்டர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும். ஆமென் வரும்வரை திறக்கக் கூடாது. குழந்தையிலிருந்து அடித்துப் பழக்கியது. பாஸ்டர் அஸ்திவாரத்தில் ஆரம்பித்தார், சுவருக்கு வந்தார், நிலைக்கதவுக்கு வந்தார். கூரைக்குப் போக இன்னும் நேரமிருந்தது. அத்தான் கணக்கு இதுதான்: ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறக்கும்போது தீ எரிய வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு, மழையில் ஊறிய சவுக்குக் கட்டை மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டார்.

எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. சவுக்குப் புகையும் மண்ணெண்ணெயும். பழக்கப்பட்ட வாசனை, பழைய வீட்டு வாசனை. கண் மூடியிருந்ததால் ஒரு நொடி அது தப்பாகவே தோன்றவில்லை. யாரோ இருமினார்கள். இன்னொருவர் தொண்டையைச் செருமினார். பாஸ்டரே இருமிவிட்டு, "இந்த வீட்டின் சமையலறையையும் ஆசீர்வதியும்" என்று தொடர்ந்தார். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு முட்டினாலும் ஒழுங்கு முக்கியம்.

"டாட்! ஸ்மோக்!"

அனிதாதான். அவளுக்குக் கண்ணை மூடும் பழக்கம் நாங்கள் போடவில்லை. எங்கள் வீட்டில் கூரையில் புகைமணி மாட்டியிருக்கிறோம், அது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் மணியைப் போலவே கத்தினாள்.

கண்ணைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரியவில்லை. அக்கா எங்கே? சமையலறை வாசலில் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம். பக்கத்திலிருந்த அம்மாக்கள் அவள் உருக்கமாக ஜெபிக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

கையில் அகப்பட்டது விருந்தாளிகளுக்குக் கரைத்து வைத்திருந்த லெமன் ஜூஸ் வாளி. தூக்கி அடுப்பில் அடித்தேன். மெர்சி கதவை உதைத்துத் திறந்தாள். அக்காவை இரண்டு பேருமாகத் தூக்கி மழைக்குள் கொண்டுபோனோம். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: "அந்தப் பொண்ணு ஜெபத்துல கண்ணத் தொறந்துச்சு பாருங்க." நான் திரும்பி அந்த அம்மாவிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

தெருமுனையில் ஆட்டோ. "பம்மலுக்கு விடுப்பா, டாக்டர் வீடு!"

டிரைவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், வூடு பத்திக்கிச்சா?"

"இல்லப்பா. எங்க அத்தான் பத்த வச்சாரு."

6

ஊசி போட்டார்கள், முகத்தில் மூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். விசில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. உதட்டுக்கு நிறம் வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

அப்போது அத்தான் ஸ்கூட்டரில் சொட்டச் சொட்ட வந்து நின்றார். பாவம், பயந்துதான் போயிருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இது: "எல்லாரும் வெயிட் பண்றாங்க, கேக் வெட்டணும். நீ அந்த ஜூஸை ஊத்தியிருக்க வேணாம் மாப்ளே. கிரானைட்டெல்லாம் திட்டுத் திட்டா..."

"யோவ்" என்று எழுந்தேன். அக்கா புருஷனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தக் கார்டுல ஒரு பொம்பள ஊதுகுழலோட குனிஞ்சிருக்காளா பார்த்தீங்களா? அவன் ஊர்ல குளுருது, அவன் எரிக்கிறான். நான் அங்க எரிக்கிறது செத்துப்போகாம இருக்க. உங்களுக்கு என்ன குளுரு? டிசம்பர்ல ஃபேன் போட்டுத் தூங்குற ஆளு!"

அக்கா கையைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன்.

"மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றாள் அத்தானிடம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினாள்.

"எதுக்கு?"

"வரச் சொல்லுங்க."

மறுநாள் ஏகாம்பரம் வந்தார். அக்கா நாற்காலியைப் போட்டு ஹாலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து வேலை சொல்லி நான் பார்த்ததில்லை.

"ஹால் பக்கம் அடைச்சிடுங்க மேஸ்திரி. அடுப்பாங்கரைப் பக்கம் உடைச்சுத் தொறங்க, கேஸ் அடுப்புக்கு நேர் மேல. மொட்டை மாடில அந்தக் கல்லை எடுத்து, நாலு செங்கல் நிறுத்தி அது மேல வைங்க. மழையும் வராது, புகையும் போகும்."

"பெருச்சாளி கீதே மா."

"கம்பி வலை அடிங்க."

அத்தான் பொறுக்கமாட்டாமல் வந்தார். "கிரானைட்டுடி! எவ்ளோ பாடுபட்டுப் பொறுக்கி எடுத்தேன் தெரியுமா?"

அக்கா அவரை நிதானமாகப் பார்த்தாள். "பத்திரமா எடுத்து வைங்க. நேத்து கொஞ்சம் தப்பியிருந்தா என் கல்லறைக்கு ஆகியிருக்கும். அதுக்குன்னே இருக்கட்டும்."

ஏகாம்பரம் உளியை எடுத்தார். முதல் செங்கல் சமையலறைப் பக்கம் விழுந்தபோது அனிதா ஓடிப்போய் ஓட்டையில் தலையை விட்டு மேலே பார்த்தாள். மொட்டை மாடியில் கல்லை முன்பே எடுத்தாகிவிட்டது. "ஐ கேன் ஸீ தி ஸ்கை, அத்தை!" என்று கத்தினாள். மொழிபெயர்க்கச் சொல்லி அக்கா யாரையும் கேட்கவில்லை.

7

இந்த வருஷத்துக் கார்டு எதிரில் இருக்கிறது. அதே பனி, அதே கணப்பு, அதே காலுறை. அத்தான் திருந்தமாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் மொத்தமும் திருந்தமாட்டார்கள். அடுத்தவன் குளிரை ஃப்ரேம் போட்டு மாட்டுவார்கள், சொந்த வீட்டு அடுப்பாங்கரையில் ஜன்னல் வைக்கமாட்டார்கள். அந்த இன்ஷூரன்ஸ்காரனை நான் எத்தனை திட்டினேன். அவனை டேப்போடு ஒருநாள் பொழிச்சலூருக்கு அனுப்பிவைக்க எனக்கு வழியிருந்தால்!

வெளியே பனி முழங்கால் அளவு. அனிதா போன கோடையில் அடுக்கிய விறகை எடுத்து வந்து வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்தாயிற்று. புகைபோக்கியைச் சூடாக்கக் கொஞ்சம் காகிதம் வேண்டும்.

கார்டை நடுவில் கிழித்தேன். பனிப் படத்தைக் கொளுத்தி மேலே காட்டினேன். வழவழப்புத் தாள், எளிதில் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு திட்டுத் திட்டினேன். பிறகு பிடித்தது, புகை நேராக மேலே போனது.

மற்ற பாதியை மெர்சி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறாள். அத்தானின் வாழ்த்துக்குக் கீழே, ஓரத்தில், அக்கா பென்சிலில் எழுதியது:

"தம்பி, இன்னைக்கு ஒரு கிலோ மிளகாய் வறுத்தேன். இருமவே இல்ல."